கோலாப்பூர் செருப்புக்கு ஆபீசில் இடமில்லையா?

2020 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு தன் ஊழியர்களின் உடுப்பைப் பற்றி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஜீன்ஸ் கூடாது, டி-ஷர்ட் கூடாது, ஸ்லிப்பர் கூடாது என்றது. பெண்கள் செருப்பு, சாண்டல், ஷூ எதை வேண்டுமானாலும் அணியலாம். ஆண்கள் ஷூ அல்லது சாண்டல் அணிய வேண்டும் என்றது. அதே சுற்றறிக்கையில் இன்னொன்றும் இருந்தது: வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, எல்லோரும் கதர் உடுத்துங்கள், கைத்தறிக்கு ஆதரவு கொடுங்கள்.

நல்ல காரியம். நெசவாளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. செருப்புத் தைப்பவருக்கு என்ன கிடைத்தது?

இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2019-இல், கோலாப்பூர் செருப்புக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர், சாங்லி, சத்தாரா, சோலாப்பூர்; கர்நாடகத்தில் பெலகாவி, பாகல்கோட், தார்வாட், பீஜாப்பூர். இந்த 8 மாவட்டங்களில் செய்யப்படுவதற்கே அந்தப் பெயர் உரியது. எல்லைத் தகராறில் ஓயாமல் முட்டிக்கொள்ளும் இரண்டு மாநிலங்கள் ஒரு செருப்புக்காக ஒன்று சேர்ந்தன என்பதே பெரிய சங்கதி. அப்படிப்பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு ஓர் ஆண் ஊழியர் ஆபீசுக்குப் போனால் அது சுற்றறிக்கைப்படி சாண்டலா, ஸ்லிப்பரா? பெருவிரலுக்கு ஒரு வளையம், புறங்காலின் மேல் ஒரு பட்டை, குதிகாலைப் பிடிக்க வார் கிடையாது. கண்டிப்பான சூப்பரிண்டெண்ட் பார்த்தால் ஸ்லிப்பர். தாட்சண்யம் உள்ளவர் பார்த்தால் சாண்டல்!

தனியார் கம்பெனிகளின் நிலையும் பெரும்பாலும் இதுதான். பேண்ட், சட்டை என்றால் காலில் ஷூ. கோலாப்பூர் செருப்பு கல்யாணத்துக்கு, பண்டிகைக்கு, குர்தா பைஜாமா போடும் நாளுக்கு. எனக்கு இந்தப் பிரிவினை பிடிபடவில்லை. அன்றாடம் போடும் பேண்ட் சட்டையுடன், அன்றாடம் போகும் ஆபீசுக்கு, தோலால் செய்த நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனால் என்ன குறைந்துவிடும்?

இந்தக் கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்தில் 'கில்லி ப்ரோக்' என்று ஒரு தோல் ஷூ உண்டு. சாதாரண ஷூவுக்கு இருக்கும் நாக்கு அதற்குக் கிடையாது. நீளமான கயிற்றைக் கணுக்காலுக்கு மேலே சுற்றிக் கட்ட வேண்டும். சேற்றிலும் சதுப்பிலும் நடக்கிறவனுக்கு ஏற்ற அமைப்பு அது; ஈரம் தங்காது, முடிச்சில் சேறு படாது. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போகிற பிரபுக்களுக்குத் துணையாகப் போகும் ஆளுக்குத்தான் 'கில்லி' என்று பெயர். ஆக, அது வேலைக்காரன் காலணி. 1746-இல் லண்டன் பார்லிமெண்ட் அந்த மலைநாட்டு ஆண்களின் உடையையே சட்டம் போட்டுத் தடை செய்தது. 1782-இல் தடை நீங்கியது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது அவரே அந்த உடையை உடுத்திக்கொண்டு காட்சி தந்தார். தடை செய்யப்பட்டது தர்பார் உடையாகிவிட்டது. சேற்றுக் காலணியும் கூடவே ஏற்றம் பெற்று, இன்று கல்யாண மாப்பிள்ளை கில்ட் கட்டும்போது போட்டுக்கொள்கிற சடங்கு ஷூவாக நிற்கிறது. இதைச் சாதாரணப் பேண்டுடன் போடலாமா என்று அங்கேயும் கேட்கிறவர்கள் உண்டு. தாராளமாகப் போடலாம் என்பதுதான் என் கட்சி. சடங்குக்கு மட்டும் என்று பெட்டியில் பூட்டிய ஷூவுக்கு ஆயுசில் நாலைந்து கல்யாணம்தான். அதை நம்பி எத்தனை தொழிலாளி பிழைக்க முடியும்?

கோலாப்பூர் செருப்பும் பிறப்பில் சடங்குச் சாமான் அல்ல. கரும்புத் தோட்டத்திலும் கரட்டு மேட்டிலும் உழைத்தவனின் செருப்பு. அடித்தோல் எருமைத் தோல். கருவேலம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்துவார்கள். ஆணி கிடையாது, தோல் நாராலேயே தைப்பார்கள். மேல்பட்டையில் வரும் பின்னல் வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கைவேலை. கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் இந்தத் தொழிலை ஆதரித்து வளர்த்தவர்.

இதை ஆபீசுக்கு ஆகாது என்று நாம் ஒதுக்கி வைத்திருக்க, 2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி மிலான் நகரில் ஆண்களுக்கான உடை அணிவகுப்பு நடத்தியது. மாடல்களின் காலில் அச்சு அசலாக இந்தச் செருப்பு! முதலில் வெறும் 'தோல் சாண்டல்' என்றுதான் சொன்னார்கள். இங்கே கூக்குரல் எழுந்த பிறகே இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என்று ஒப்புக்கொண்டார்கள். மும்பை உயர்நீதிமன்றத்தில் போடப்பட்ட பொதுநல வழக்கு 2025 ஜூலையில் தள்ளுபடி ஆயிற்று. பிறகு டிசம்பரில் இரண்டு மாநில அரசுகளின் தோல் தொழில் கழகங்களுடன் அந்தக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2,000 ஜோடிகளை இங்கேயே செய்து வாங்கி, ஜோடி ஏறத்தாழ 800 யூரோவுக்கு விற்பதாகத் திட்டம். நம் பணத்தில் முக்கால் லட்சத்துக்கும் மேலே. இனி அதைப் போட்டுக்கொண்டு ஒரு வெள்ளைக்கார அதிகாரி நம் ஆபீசுக்குள் வந்தால் எந்த சூப்பரிண்டெண்டும் ஸ்லிப்பர் என்று சொல்லமாட்டார் என்பது நிச்சயம்.

இங்கே தாராவி வாசகர்கள் சிலர் குறுக்கிடக்கூடும். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது.

தாராவியின் தோல் தொழிலில் நம்மவர் பங்கு பெரிது. திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் இங்கு வந்து தோல் பதனிட்டார்கள். கசாப்புக்கூடம் 1971-இல் பாந்திராவிலிருந்து தேவ்னாருக்குப் போனது. பதனிடும் தொட்டிகளும் பிறகு மெல்ல மெல்ல மறைந்தன. இன்று தாராவியில் நடப்பது பை, பெல்ட், பர்ஸ், ஜாக்கெட் தைக்கும் வேலை. 2015-இல் காளை, எருதுகளை வெட்டுவதற்கும் மாநிலத்தில் தடை வந்த பிறகு தோல் கிடைப்பதும் சுருங்கியது. அப்படி வந்த குடும்பங்களில் பலர் விட்டுவந்த ஊர் எப்படிப்பட்டது? மேல்தெருவில் நுழைந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய ஊர். தோலை உரித்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவனே அதைக் காலில் போட்டுக்கொண்டு நடக்க முடியாத ஊர். மும்பைக்கு வந்து முதல் சம்பளத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிய மனிதனின் மகிழ்ச்சி அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். மாட்டுங்காவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், தாதர் இந்து காலனியில், ராஜகிருகம் இருக்கிறது. அந்த வீட்டில் வாழ்ந்த அம்பேத்கர் கோட்டும் சூட்டும் பூட்ஸுமாக நின்றாரே, அது வெள்ளைக்காரனைப் பார்த்துக் காப்பியடித்ததா? இல்லை, தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதை எடுத்துக்கொண்டது. 'எங்கள் பிள்ளை பாலிஷ் போட்ட ஷூவுடன் பேங்குக்குப் போகிறான், அவனை மறுபடியும் செருப்புக்கு இறங்கச் சொல்கிறீர்களா' என்று ஒரு தகப்பன் கேட்டால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

அவர் பிள்ளை ஷூவையே போடட்டும். யாரையும் கழற்றச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் 'செருப்புக்கு இறங்குவது' என்கிறோமே, அந்த இறக்கம் எங்கிருந்து வந்தது? செருப்பைத் தைத்தவனைக் கீழே வைத்ததால் செருப்பும் கீழானது. நம் பாஷையில் ஒருவனை அவமானப்படுத்தும் கடைசி ஆயுதம் செருப்புதான். அதே நாம்தான் பரதன் 14 ஆண்டு பாதுகையைச் சிம்மாசனத்தில் வைத்து நாடாண்ட கதையைக் கேட்டு உருகுகிறோம். பெருமாள் கோயிலில் சடாரியைத் தலை குனிந்து வாங்கிக்கொள்கிறோம்; அது என்ன, சுவாமியின் பாதுகைதானே? கண்ணப்பர் செருப்புக் காலைச் சிவபெருமான்மேல் வைத்தும் நாயனார் ஆனார். செம்பூர் செட்டா நகர் முருகன் கோயிலிலோ மாட்டுங்கா கோயில்களிலோ வாசலில் செருப்பை விட்டுப் போவது பக்திக்காக. ஆபீஸ் என்ன கோயிலா? அதுவும், மாட்டுத் தோலில் செய்த ஷூ உள்ளே போகலாம், எருமைத் தோலில் செய்த செருப்பு போகக் கூடாது என்றால், தோல் அல்ல தகராறு.

உடையைச் சொல்லி ஆளைத் தடுப்பது மும்பைக்குப் புதிதல்ல. 1988-இல் ஓவியர் எம்.எஃப். உசேனை வெறுங்காலோடு வந்தார் என்று வில்லிங்டன் கிளப்பில் உள்ளே விடவில்லை. சென்னையில் 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே, வேட்டி கட்டி வந்தார் என்று சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் தடுத்தார்கள். அடுத்த மாதமே தமிழ்நாடு சட்டசபை சட்டம் கொண்டுவந்து வேட்டிக்கு வழி திறந்தது. இங்கே சட்டம்கூடத் தேவையில்லை. அடுத்த முறை சுற்றறிக்கை எழுதுகிற அதிகாரி, 'வெள்ளிக்கிழமை கதர்' என்ற வரிக்குப் பக்கத்தில் 'கோலாப்பூர் செருப்பு' என்று இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும். தமிழர்கள் நடத்தும் கம்பெனிகளும் பள்ளிக்கூடங்களும் மும்பையில் இருக்கின்றனவே, அவை அரசுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில்வே ஸ்டேஷன் வாசலில் கோலாப்பூர் என்று விற்பதெல்லாம் கோலாப்பூர் அல்ல; ரெக்சினும் ரப்பரும் நிறையக் கலந்து கிடக்கிறது. ஆணி அடித்திருக்கிறதா, தோல் நாரால் தைத்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். புதிதில் கடிக்கும், முதல் நாள் இரவே எண்ணெய் தடவி வைத்து, வீட்டுக்குள் நாலு நாள் போட்டுப் பழக்கினால் கால் அமைப்புக்கு வந்துவிடும். மழைக்கு மட்டும் ஆகாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை துடைத்து, எண்ணெய் போட்டு, காகிதத்தில் சுற்றிப் பரணில் வையுங்கள். நவராத்திரி வாக்கில் மழை விட்டதும் எடுத்து மாட்டிக்கொண்டால் மே கடைசி வரைக்கும் வரும்.