பாய்லரை மாத்துங்க, பேலன்ஸைக் காலி பண்ணாதீங்க

ராய்ப்பூர் வந்து ஏழு வருஷமாச்சு. புழுங்கலரிசி மில்லுக்குக் கடன் கேட்டு வர்ற ஃபைல்ல நான் முதல்ல பார்க்கிறது பாய்லர் சான்றிதழைத்தான். அந்தப் பழக்கம் முத்திப்போய், ராத்திரியில அமெரிக்க நீராவிக் கார் வீடியோவா பார்த்துக்கிட்டிருக்கேன். வீட்ல தலையில அடிச்சுக்கிறாங்க :-)

இன்னிக்குக் கொஞ்சம் கோபமாவே எழுதறேன். ஸ்டான்லி கார், மாசசூசெட்ஸ்ல இரட்டைச் சகோதரர்கள் செஞ்சது. 1906ல அவங்க பந்தயக் கார் மணிக்கு 127 மைல் ஓடிச்சு. மிச்சமிருக்கிற ஸ்டான்லிகளுக்குப் பாய்லர் தேஞ்சுபோனா புதுசு போட்டுத்தான் ஆகணும். அதுல எனக்குச் சண்டையில்லை. "அசல் போச்சே"ன்னு அழறவங்க, காரை ஷோகேஸ்ல வெச்சுக் கும்பிடட்டும்.

என் சண்டை, "ஒரே குழாயைச் சுருளாச் சுத்திச் சின்னதா வெச்சுடலாம், ஓரிரு நிமிஷத்துல ஆவி வந்துடும்"னு கிளம்பறவங்களோட.

ஸ்டான்லி பாய்லர் ஒரு சேமிப்புக் கணக்கு. நூத்துக்கணக்கான சின்னக் குழாய் வழியா நெருப்பு ஏறும், சுத்தித் தண்ணி நிக்கும். சூடேற அரைமணி ஆகலாம். ஆனா மேடு வந்தா, தண்ணியில சேர்த்து வெச்ச சூட்டை எடுத்துச் சத்தமில்லாம ஏறிடும். சுருள் பாய்லர் அன்னாடங்காய்ச்சி. நெருப்பும் தண்ணியும் நொடிக்கு நொடி சரியா வந்தாகணும்.

இங்கதான் சிக்கல். ஸ்டான்லியில கியர்பாக்ஸும் இல்லை, கிளட்சும் இல்லை. இன்ஜின் நேரா பின்னச்சோட இணைஞ்சிருக்கு. தண்ணி பம்பும் வண்டி ஓடினாத்தான் ஓடும். சிக்னல்ல நின்னா சுருளுக்குத் தண்ணி யார் கொடுப்பா? மின்சார பம்பு, சென்சார், அதுக்கொரு கம்ப்யூட்டர்... கடைசியில மிஞ்சறது ஸ்டான்லி பாடி மட்டும்தான்.

1920கள்ல டோபிள் கார்ல சுருள் நல்லா ஓடலையான்னு கேப்பீங்க. ஓடிச்சு. அந்தக் கார் முழுக்கவே அந்தப் பாய்லரை நம்பிக் கட்டினது.

சுருள்ல தண்ணி கம்மி, வெடிச்சாலும் சேதம் கம்மிங்கிறது நியாயமான வாதம். ஒத்துக்கறேன். அதுக்குப் பழைய அளவுக்குள்ளேயே வெல்டிங் பண்ணின எஃகுப் பாய்லர் செய்ங்க. தண்ணி குறைஞ்சா நெருப்பை அணைக்கிற அமைப்பு வைங்க. வருஷாவருஷம் அழுத்தச் சோதனை பண்ணுங்க. மாத்தினதை எழுதி வைங்க, அடுத்து வாங்கறவன் ஏமாறக்கூடாது.

இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு கையிருப்பைத் துடைக்கிறவனுக்கு என் பிராஞ்ச்ல கடன் கிடைக்காது. வண்டிக்கும் அதே கணக்குதான்.