பாணியில் ஒட்சிசன் இல்லை

"மூலிகைதானே, கெடுதல் ஒண்டும் செய்யாது. குடிச்சுப் பார்த்தா என்ன?"

வெள்ளவத்தை பிளட்டிலும் இந்தக் கதைதான், கொட்டாஞ்சேனைத் தோட்டத்து லைன் வீட்டிலும் இந்தக் கதைதான். கொரோனா காலத்தில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. இப்ப "குருதியில் ஒட்சிசனைக் கூட்டும்", "நுரையீரலைப் பாதுகாக்கும்" என்ற பெயரில் சாறும் பொடியும் குளிசையும் வட்ஸ்அப்பில் சுத்துகிறது. கெடுதல் இல்லை என்று சொல்லும் அந்த ஒற்றை வசனம்தான் இதில் பெரிய கெடுதல் என்பது எங்கள் வாதம்.

முதலில் நடந்ததை ஞாபகப்படுத்துவம். 2020 டிசம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஹெட்டிமுல்ல என்ற ஊரில் தம்மிக்க பண்டார என்பவர் தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணியைக் கொடுத்தார். காளி அம்மன் தனக்கு அருளிய மருந்து என்றார். ஊரே முடங்கியிருந்த நேரத்தில் ஆயிரக்கணக்கான சனம் அங்கே போய் நெரிபட்டு நின்றது. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று வந்தது. அவர் போனது ஆஸ்பத்திரிக்கு, ஹெட்டிமுல்லவுக்கு இல்லை.

இதைச் சொல்லிச் சிரிப்பது லேசு. அதே டிசம்பரில் இன்னொன்றும் நடந்தது. கொழும்பில் 20 நாள் முஸ்லிம் குழந்தை ஒன்றின் உடல் தாய் தகப்பனின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியில் சனம் வெள்ளைத் துணி கட்டியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது "எங்கட நிபுணர்கள் வேற சொல்லுகினம்" என்று அரசு நின்றது. 2021 பெப்ரவரி கடைசி வரைக்கும் அந்த விதி மாறவில்லை. ஒரு பக்கம் பாணிக்கு அமைச்சரின் வாய், மறுபக்கம் ஒரு சமூகத்தின் துக்கத்துக்கு "விஞ்ஞானம்". ஆதாரம் கேட்காத அரசு எப்பவும் தனக்கு வசதியான இடத்தில்தான் ஆதாரம் கேட்காமல் விடும்.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சும்மா இருக்கிற ஒரு ஆளுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மில்லிலீற்றர் ஒட்சிசன் தேவை. உடம்பில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, சில நிமிடங்களுக்கே காணும். அது உள்ளே வர ஒரே வழி நுரையீரலின் காற்றுப்பைகள். அங்கிருந்து குருதிக்குப் போய், ஈமோகுளோபினில் ஏறி, உடம்பெல்லாம் போகிறது. கொரோனா நியூமோனியாவில் இந்தக் காற்றுப்பைகள் வீங்கி நீர் நிரம்புகின்றன. பாதை அடைபட்டால் வயிற்றுக்குள் ஊத்துகிற எந்தக் கசாயமும் அந்தப் பாதையைத் திறக்காது. குடல் நுரையீரலின் வேலையைச் செய்யாது.

இதில் பயங்கரமான விசயம், பலருக்கு மூச்சு முட்டுவதே தெரியாது. ஒட்சிசன் அளவு 95க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 80க்கு இறங்கின பிறகும் ஆள் கட்டிலில் இருந்து போனில் கதைப்பார். "இண்டைக்குக் கொஞ்சம் நல்லா இருக்கு, கசாயம் வேலை செய்யுது" என்பார். அந்த ஒரு நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டிய நாள். மூலிகை கெடுதல் செய்யாமல் இருக்கலாம், அது தின்கிற நேரம் ஆளைக் கொல்லும்.

2021 ஏப்ரலில் இந்தியாவில் ஒட்சிசன் இல்லாமல் சனம் செத்துக்கொண்டிருந்தபோது இரண்டு செய்தி பரவியது. கற்பூரம், கிராம்பு, ஓமம் மூன்றையும் துணியில் கட்டி முகர்ந்தால் ஒட்சிசன் ஏறும் என்பது ஒன்று. அஸ்பிடோஸ்பெர்மா என்ற தென்னமெரிக்க மரப்பட்டைச் சாற்றின் சில துளிகள் சிலிண்டருக்குப் பதிலாகும் என்பது மற்றது. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. கற்பூரம் மூக்கில் குளிர்ச்சியைத் தரும், மூச்சு திறந்த மாதிரி இருக்கும், குருதியில் ஒன்றும் மாறாது. அது உள்ளே போனால் நஞ்சு, சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பே வரும்.

"ஆராய்ச்சி இருக்குதே" என்பார்கள். இருக்கிறது. கலங்கள் ஒட்சிசன் குறைவை எப்படி உணர்கின்றன என்று கண்டதற்கு 2019இல் மூவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. அந்தப் பொறிமுறையில் சில மூலிகைச் சாறுகள் கை வைக்கலாம் என்று எலிகளிலும் ஆய்வுகூடக் கலங்களிலும் வேலைகள் நடக்கின்றன. நல்ல வேலைதான். ஆனால் அந்த ஆய்வு சொல்வது, ஒட்சிசன் குறைந்தாலும் கலத்துக்கு வரும் சேதம் கொஞ்சம் குறையலாம் என்பது. போத்தல் லேபல் சொல்வதோ ஒட்சிசன் கூடும் என்பது. இரண்டும் ஒன்றில்லை. "லாம்" என்ற விகுதியைக் கிழித்து எறிந்துவிட்டுத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

எலியைத் தாண்டி மனிதரில் சோதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இமயமலை ஏறுகிற 600க்கு மேற்பட்டவர்களைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வரும் மலைநோயை ஜிங்கோ இலைச் சாறு தடுக்குமா என்று பார்த்தார்கள். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 34 வீதத்துக்கு நோய் வந்தது. ஜிங்கோ எடுத்தவர்களில் 35 வீதம். அசெற்றசோலமைட் என்ற சாதாரண மருந்து எடுத்தவர்களில் 12 வீதம். அவ்வளவுதான் ஜிங்கோவின் கதை. அது இன்னும் விற்பனையில் இருக்கிறது.

இங்கே ஒரு கூட்டம் "அப்ப சித்த வைத்தியமே பொய்யா?" என்று பாயும். இன்னொரு கூட்டம் "ஓம், எல்லாம் பொய்" என்று கை தட்டும். இரண்டு பேருக்கும் கார்த்திகைப்பூவைக் காட்டுகிறோம். அந்தச் செடியில் இருக்கிற கொல்கிசின் கீல்வாதத்துக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற மருந்து. அதே செடியின் கிழங்கைத் தின்றால் ஆள் சாவான். பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வில் 11,000க்கு மேற்பட்ட கொரோனா நோயாளரில் கொல்கிசினைச் சோதித்தார்கள். பயன் இல்லை என்று 2021இல் நிறுத்தினார்கள். அதே ஆய்வில்தான் டெக்சாமெதசோன் என்ற மலிவு மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரிய வந்தது. செடியிலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. வேலை செய்கிறதா என்று பார்த்தது. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினும் ஒரு மூலிகையிலிருந்து வந்ததுதான், சோதனையில் வென்று வந்தது. சித்த வைத்தியத்துக்கு மரியாதை கொடுப்பது என்றால் அதையும் இந்த வாசலுக்குக் கூப்பிடுவதுதான். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் பல்கலைக்கழகங்களில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். அங்கே முறையான மனிதச் சோதனைக்குக் காசு ஒதுக்கு என்று கேட்பதை விட்டுவிட்டு, பாட்டன் பூட்டன் பெருமை பேசிப் போத்தல் விற்பவர்தான் அந்த மரபுக்கு முதல் எதிரி.

கொத்தமல்லி அவித்துக் குடிக்காதே என்று யாரும் சொல்லவில்லை. தொண்டைக்குச் சுகம், குடியுங்கோ. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனைப் பக்கம் மூடப்பட்டபோது, நாள் கூலி நின்றுபோன வீட்டில் கையில் இருந்தது கொத்தமல்லியும் இஞ்சியும்தான். அந்தச் சனத்தின் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஒரு தோட்டத்துக்கு ஒரு ஒக்சிமீற்றரைக் கொடுத்து, எந்த எண்ணில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தமிழில் ஒரு துண்டு அடித்துக் கொடுத்திருக்கலாம். அந்தக் கருவி கறுத்த தோலில் அளவைக் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அமைச்சர்கள் பாணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

2021 ஓகஸ்டில் டெல்டா அலை வந்தது. மாதக் கடைசியில் ஒரே நாளில் 200க்கு மேல் மரணங்கள் பதிவாகின. அப்போது கொழும்புத் துறைமுகத்துக்கு இந்தியாவிலிருந்து இரண்டு கப்பல்கள் வந்தன. ஒன்று இந்தியக் கடற்படையுடையது, 100 தொன் திரவ ஒட்சிசனோடு. மற்றது இலங்கைக் கடற்படையுடையது, 40 தொன்னோடு. இரண்டு கப்பலுக்கும் பெயர் சக்தி. ஹெட்டிமுல்லவில் காளியின் பெயரால் பாணி கொடுத்து எட்டு மாதத்துக்குப் பிறகு, சக்தி தாங்கியில் ஒட்சிசனாக வந்திறங்கினாள்.

அடுத்த முறை யாராவது போத்தலை நீட்டினால் மூன்றே கேள்வி கேளுங்கோ. மனிதரில் சோதித்ததா? எத்தனை பேரில்? எதோடு ஒப்பிட்டு? பதில் வராட்டி காசைப் பொக்கற்றில் வையுங்கோ. வீட்டில் யாருக்கும் விரல் காட்டுகிற எண் 94க்குக் கீழே போனால், அடுப்பில் கொதிக்கிறதை இறக்கி வைச்சிட்டு வாகனத்தைக் கூப்பிடுங்கோ.