நோமோட்செட் ஒரு மயக்க ஊசி

"லேப்டாப்ல லினக்ஸ் போட்டேங்க, ஸ்க்ரீன் கறுப்பா நிக்குது"ன்னு யாராவது புலம்பினா போதும். நம்ம லினக்ஸ் மகாஜனங்ககிட்ட இருந்து ஒரே பதில்தான்: "நோமோட்செட் போடு". என்ன லேப்டாப், எந்த கிராஃபிக்ஸ் கார்டு, எந்தக் கட்டத்துல கறுப்பாச்சு? ஒரு கேள்வி கிடையாது. தலைவலின்னு போனாலும் கால்வலின்னு போனாலும் அதே வெள்ளை மாத்திரையைக் கொடுக்கற கம்பவுண்டர் மாதிரி. ரொம்ப நாளா இருக்கற கடுப்பு, இன்னிக்கு கொட்டிடறேன்.

அது என்னதான் செய்யுது? 2009-ல வந்த கெர்னல் 2.6.29-ல இருந்து, திரையோட ரெசல்யூஷனை அமைக்கற வேலையைக் கெர்னலே எடுத்துக்க ஆரம்பிச்சது. அங்க இருக்கற கிராஃபிக்ஸ் டிரைவரைப் பார்த்து "நீ இதுல தலையிடாதே"ன்னு சொல்றதுதான் நோமோட்செட். டிரைவர் தூங்கிடும். பயாஸ் பக்கத்துல இருந்து கிடைக்கற அடிப்படைப் படத்தை வச்சு ஏதோ ஒரு திரை வரும். அதாவது வியாதி குணமாகல, நோயாளிக்கு மயக்க ஊசி போட்டாச்சு. அவ்ளோதான்.

அப்புறம் என்ன ஆகும்? படம் வரையற வேலை மொத்தமும் ப்ராசசர் தலையில விழும். ஒரு வீடியோ ஓட்டினா ஃபேன் மிக்ஸி மாதிரி கத்தும். பேட்டரி கரையும். திரை வெளிச்சத்தைக் குறைக்க முடியாம போகும். எச்டிஎம்ஐல புரொஜெக்டரை மாட்டினா கண்டுக்காது. என் கூட வேலை பார்க்கற தம்பி ஒருத்தன் அஞ்சு மாசம் இப்படியே ஓட்டியிருக்கான். "லினக்ஸ்னா இப்படித்தான்ணே இருக்கும்"னு வேற சொல்றான்! அவன் வச்சிருந்தது புது லேப்டாப், போட்டிருந்தது பழைய கெர்னல். புதுக் கெர்னலைப் போட்டு அந்த ஒரு வார்த்தையை எடுத்தேன். அரை மணி நேர வேலை.

இது ஏன் இப்ப முக்கியம்னா, விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேக்குது, பழைய ப்ராசசரை ஏத்துக்க மாட்டேங்குது. நல்லா ஓடிட்டிருக்கற எத்தனையோ லேப்டாப் இப்ப நடுத்தெருவுல. செகண்ட் ஹேண்ட்ல வாங்கின காலேஜ் பையன் லினக்ஸ் பக்கம் வர்றான். முதல் நாளே இந்தத் தூங்குமூஞ்சித் திரையைக் கொடுத்தா, ரெண்டாவது வாரம் அந்த லேப்டாப் காயலான் கடைக்குத்தான் போகும்.

சரி, என்ன செய்யணும்?

1. முதல்ல நிஜமாவே கறுப்பான்னு பாருங்க. மொபைல் டார்ச்சை திரை மேல சாய்வா அடிங்க. மங்கலா படம் தெரிஞ்சா டிரைவர் வேலை செய்யுது, பின்விளக்குதான் எரியல. அது வேற பிரச்சினை, வேற வைத்தியம்.

2. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூணையும் சேர்த்து அழுத்துங்க. எழுத்துல லாகின் கேட்டா கெர்னல் பக்கம் பெரும்பாலும் நலம். டெஸ்க்டாப் பக்கம்தான் கோளாறு.

3. ரெண்டும் இல்லையா? இப்ப நோமோட்செட் போடுங்க. க்ரப் மெனுவுல 'இ' அழுத்தி, 'லினக்ஸ்'னு தொடங்கற வரியோட கடைசியில சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ். இது அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான். க்ரப் ஃபைல்ல நிரந்தரமா எழுதி வைக்காதீங்க சாமி!

4. உள்ள போனதும் எல்எஸ்பிசிஐ கட்டளை கொடுத்து கார்டு எதுன்னு பாருங்க. இன்டெல், ஏஎம்டின்னா டிரைவர் கெர்னல்லயே இருக்கு, புதுக் கெர்னலும் ஃபர்ம்வேரும் போடுங்க. என்விடியான்னா அவங்க டிரைவரைப் போடுங்க. செக்யூர் பூட் ஆன்ல இருந்தா உபுண்டு ஒரு பாஸ்வேர்ட் கேக்கும். அடுத்த பூட்ல ஒரு நீலத்திரை வந்து அதையே திருப்பிக் கேக்கும். அதைத் தாண்டிட்டா டிரைவர் லோடே ஆகாது.

5. நோமோட்செட்டைத் தூக்குங்க. தூக்கின பிறகும் திரை வந்தாத்தான் குணம்.

"தப்பு கம்பெனிக்காரங்க மேல, எங்களை ஏன் திட்டற?"ன்னு கேப்பீங்க. தப்பு அங்கயும் இருக்கு, மறுக்கல. ஏஎம்டி 2007-லயே கார்டு விவரங்களை வெளியிட ஆரம்பிச்சது. என்விடியா தன் கெர்னல் மாட்யூலைத் திறந்து விட 2022 ஆச்சு. நடுவுல 2012-ல லினஸ் டோர்வால்ட்ஸே ஃபின்லாந்துல மேடையில உக்காந்து அவங்களுக்கு நடுவிரலைக் காட்டினார். ஆனா கம்பெனி கதவைச் சாத்தினா, நாம ஜன்னலைக் காட்டறோம்னு சொல்லி பாத்ரூம்ல கொண்டு போய் விடறது நியாயமா?

"இலவசமா உதவி பண்றவன்கிட்ட இவ்ளோ எதிர்பார்க்கலாமா?" தாராளமா. மயக்க ஊசி போட்டவர் ஆபரேஷன் முடியறதுக்குள்ள வீட்டுக்குக் கிளம்பினா விடுவோமா? நான் கேக்கறது ஒரே ஒரு வாக்கியம்: "திரை வந்ததும் டிரைவரைச் சரி பண்ணிட்டு இதை எடுத்துடு". இதைச் சொல்ல நேரமில்லைன்னா முதல் வாக்கியத்தையும் சொல்லாதீங்க.

டிஸ்கி: டிரைவரே எழுதப்படாத கார்டுக்கு நோமோட்செட்தான் கதின்னா அப்படியே ஓட்டுங்க. வேற வழியில்லாதவங்களை நான் குறை சொல்லல :-)