முதலில் பகுதி சபை, பிறகு மாமன்றம்

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மாமன்றம் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. மாநகராட்சியின் ஒன்பது செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆட வருகிறவர்களிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது என்பதே அது. செய்தி வெளியே வந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. கையோடு தீர்மானம் திரும்பப் பெறப்பட்டு, கட்டணம் கிடையாது என்று அறிவிக்கப்பட்டது.

திருத்திக்கொண்டது நல்லதுதான். ஆனால் அவ்வளவு விரைவாகத் திரும்பப் பெற முடிந்த ஒன்றை, நிறைவேற்றும் முன் யாரிடமும் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லையா? வியாசர்பாடியைக் கால்பந்துப் பிரியர்கள் 'குட்டி பிரேசில்' என்பார்கள். வட சென்னையில் பள்ளி விட்டதும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பையன்கள் பத்துப் பேர் ஒரு மணி நேரம் ஆட 1,200 ரூபாய் ஆகும். இது கட்டுப்படியாகுமா என்று தெரிந்துகொள்ள ஆலோசனை நிறுவனம் எதுவும் வேண்டாம், திடலோரம் நின்று நாலு பேரை விசாரித்திருந்தால் போதும்.

அப்படி விசாரிப்பதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது என்பதுதான் நம் ஆதங்கம். மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகராட்சி அமைப்புகளில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் சொன்னது. தமிழகத்தில் வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் பகுதிவாரியாகக் கூடும் பகுதி சபைக்கும் விதிகள் வர 2022 ஆயிற்று. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சி நாளன்று, தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதல்வர் ஸ்டாலினே கலந்துகொண்டார். கிராமத்துக்குக் கிராம சபைபோல நகரத்துக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்று அன்று பலரும் மகிழ்ந்தோம்.

நடைமுறையில் அது மனு வாங்கும் இடமாகச் சுருங்கிவிட்டது. தெருவிளக்கு எரியவில்லை, மழைநீர் வடிகால் மூடி உடைந்திருக்கிறது, நாய்த் தொல்லை தாங்கவில்லை. இவையும் வேண்டியவைதான். ஆனால் பக்கத்துத் திடலைக் குத்தகைக்கு விடலாமா, பூங்கா ஓரத்தில் கடை கட்டலாமா, குப்பை அள்ளும் வேலையை ஒப்பந்தத்துக்கு விடலாமா என்பதெல்லாம் அங்கே பொருளாக வருவதில்லை. அவை நேரே மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்குப் போகின்றன. அங்கே தீர்மானங்கள் கொத்தாக நிறைவேறுகின்றன. 2022 தேர்தலில் 200 வார்டுகளில் 153-ஐ ஒரே கட்சி பிடித்த மன்றத்தில் எதிர்க்குரல் எவ்வளவு தூரம் கேட்கும்?

ஊரே கொதித்தால் திரும்பப் பெறுவது என்பது ஒரு முறையே அல்ல. கால்பந்துக்குக் குரல் கொடுக்க ஊடகம் இருந்தது. துப்புரவுப் பணியாளர்கள் விஷயத்தைப் பாருங்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் துப்புரவுப் பணி 2025-ல் தனியாரிடம் போனது. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலிலேயே உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி இரவு போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. காலை உணவு முதலிய சலுகைகள் மறுநாள் அறிவிக்கப்பட்டன. அவர்கள் கேட்டதோ வேலைக்கான உத்தரவாதம். ஒப்பந்தத்தை முடிவு செய்யும் முன் இரு மண்டலங்களின் பகுதி சபைகளில் பணியாளர்களையும் குடியிருப்பவர்களையும் ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்துப் பேசியிருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பேச்சு நடக்க வேண்டிய இடம் நடைபாதையாக இருந்திருக்காது.

திடல் விஷயத்தில் மாநகராட்சியின் தரப்பிலும் நியாயம் உண்டு. செயற்கைப் புல்தரை தேயும், மாற்றுவதற்குச் செலவு ஆகும். எல்லாவற்றையும் இலவசமாக்கிவிட்டுப் பராமரிப்பைக் கைவிட்டால் யாருக்கும் லாபமில்லை. அந்தக் கணக்கை மக்கள் முன் வைத்தால் வழியும் அவர்களிடமிருந்தே வரலாம்: பகலில் பிள்ளைகளுக்கு இலவசம், இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் அலுவலகக் குழுக்களுக்குக் கட்டணம், பராமரிப்புப் பொறுப்பில் உள்ளூர்க் கால்பந்து மன்றங்களுக்கும் பங்கு என்று.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பகுதி சபை எப்போதும் பெருந்தன்மையோடு பேசாது. பொதுக் கழிப்பறை வேண்டும், ஆனால் எங்கள் தெருவில் வேண்டாம். வீடற்றோர் காப்பகம் நல்ல காரியம், அடுத்த வார்டில் கட்டுங்கள். உரம் தயாரிக்கும் கூடத்துக்கும் இதே பதில்தான். அடுக்குமாடிச் சங்கங்களின் குரல் ஓங்கி, கால்வாயோரக் குடிசைக்காரர் கூட்டத்துக்கே வராமல் போவதும் நடக்கும். ஆகவே சபைக்குத் தடுப்பதிகாரம் கொடுக்கச் சொல்லவில்லை. முடிவு மாமன்றத்துடையதாகவே இருக்கட்டும். சபையின் கருத்தை மீறினால் அதற்கான காரணத்தைத் தீர்மானத்திலேயே எழுதட்டும். காப்பகம் அதே தெருவில்தான் வர வேண்டும் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லும் துணிச்சல் கவுன்சிலருக்கு வேண்டும். ஓட்டு கேட்டு வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் நின்றவர்தானே.

சபைப் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. கவுன்சிலருக்கு வேண்டியவர்களே அமர்ந்தால் அது சபை அல்ல, கட்சிக் கிளை. இதை மாற்ற அரசு விதியைத் திருத்த வேண்டும். அதற்கு நாளாகலாம்.

மாமன்றம் தானே செய்யக்கூடியவற்றுக்கு அரசாணை எதற்கு? கூட்டத்துக்கு வரும் பொருள்களைத் தமிழில், இடத்தின் பெயரோடு, இரண்டு வாரம் முன்னதாக வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டலாம். திடல், பூங்கா, சந்தை, கழிப்பறை, குப்பை, துப்புரவு ஆகியவற்றைக் குத்தகைக்கோ ஒப்பந்தத்துக்கோ விடும் எந்தப் பொருளும் அந்தப் பகுதி சபையின் குறிப்பு இணைக்கப்படாமல் விவாதத்துக்கு வராது என்று ஒரு தீர்மானம் போடலாம். 2016 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னை கவுன்சிலர்களே இல்லாமல் தனி அலுவலரின் கையெழுத்தில் ஓடிய நகரம். இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அதற்குள் இந்த ஒரு தீர்மானத்தை நிறைவேற்ற மாமன்றத்தின் ஒரு கூட்டம் போதும்.