திறன்பேசிக்குக் கேட்காத ஒலி

தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே சிராங்கூன் சாலையில் ஒளியூட்டு தொடங்கிவிடும். அந்த நாள்களில் தேக்காவிலிருந்து நடந்து வருபவர்களில் பலர் ஒரு கையை உயர்த்தியபடியே வருவார்கள். உயர்த்திய கையில் திறன்பேசி இருக்கும். அலங்கார வளைவைப் படம் எடுப்பார்கள். கடைத்தெருவின் கூட்டத்தைக் காணொளியாக்குவார்கள். பண்டிகை முடிந்த பிறகு அவற்றை எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை.

இப்படி எதையும் எந்நேரமும் பதிவு செய்ய முடிவதால், நமக்கு வேண்டியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்ற எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. குறிப்பாக, ஒலியைப் பொறுத்தவரை நாம் மிகவும் அலட்சியமாக இருக்கிறோம். இந்த அலட்சியத்துக்கு நாம் கொடுக்கும் விலை, நம் வீட்டு முதியவர்களின் குரல்.

முதலில் படத்தைப் பார்ப்போம். இன்றைய சில திறன்பேசிகள் 200 மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்யப்படுகின்றன. அதாவது, ஒளியை வாங்கும் உணரியில் 20 கோடி புள்ளிகள் உள்ளன. ஆனால், அந்த உணரி கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியது. அத்தனை புள்ளிகளை அதற்குள் அடக்கினால் ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டர்தான் இருக்கும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பு ஒளியின் அலைநீளமே கிட்டத்தட்ட அந்த அளவுதான்! மழைநீரைப் பிடிக்க முற்றத்தில் அண்டாவை வைப்பதற்கும் தேக்கரண்டியை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு. அதனால்தான் இரவு நேரத்தில் அந்தத் திறன்பேசி பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறது. 200 மெகாபிக்சல் அப்போது 12.5 ஆகிவிடுகிறது. விளம்பரத்தில் இந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள்.

ஒளி போதாத இடத்தைக் கணிப்பு நிரப்புகிறது. 2023 மார்ச் மாதத்தில் ஒருவர் நிலாவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, அதைச் சாம்சுங் திறன்பேசியால் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் தெளிவாகத் தெரிந்தன. நிலாவை அடையாளம் கண்டதும் நுணுக்கங்களை மேம்படுத்தும் செயற்கை நுண்ணறிவு தன் திறன்பேசியில் உண்டு என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. நிலாவுக்கு இது பரவாயில்லை. அது எப்போதும் ஒரே முகத்தைத்தானே நமக்குக் காட்டுகிறது!

படத்தில் குறை இருந்தால் திரையிலேயே பார்த்துவிடலாம். ஒலியின் குறை அந்த நேரத்தில் தெரியாது. காப்பிக்கடையில் அமர்ந்து நண்பர் பேசுவதைக் கேட்கும்போது, மின்விசிறியின் இரைச்சலையும் தட்டுகளின் சத்தத்தையும் நம் மூளை தானாகவே ஒதுக்கிவிடுகிறது. திறன்பேசியின் ஒலிவாங்கி எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதை ஒரே மாதிரி வாங்கிக்கொள்ளும். எது தேவையான ஒலி, எது இரைச்சல் என்பதைப் பின்னர் ஒரு மென்பொருள் முடிவு செய்கிறது. அந்த மென்பொருளுக்கு நம் மரபு தெரியாது.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் தேதி முதல் ஜூன் 1ஆம் தேதி வரை, கொவிட்-19 பரவலை முறியடிக்க நாம் வீட்டில் அடங்கியிருந்தோம். கர்நாடக இசை வகுப்புகளும் இணையத்துக்கு மாறின. ஆசிரியர் சுருதிப் பெட்டியை இயக்கிவிட்டுப் பாடத் தொடங்குவார். மாணவருக்கு முதல் சில விநாடிகள் சுருதி கேட்கும். பிறகு மெல்ல மறைந்துவிடும். காணொளி அழைப்பு மென்பொருள்கள் மனிதப் பேச்சுக்காக உருவாக்கப்பட்டவை. மாறாமல் ஒரே சீராக வரும் ஒலியைக் குளிரூட்டியின் இரைச்சல் என்று கருதி அவை நீக்கிவிடும். மாறாமல் ஒலிப்பதுதானே சுருதியின் வேலை? பாட்டுக்கு அடித்தளமாக நாம் வைத்திருப்பதை அந்த மென்பொருள் குப்பை என்று கூட்டித் தள்ளியது. இத்தகைய புகார்கள் உலகெங்கும் இசை ஆசிரியர்களிடமிருந்து எழுந்தன. அதே ஆண்டு ஸூம் நிறுவனம் இசைக்கென்றே ஒரு தனி அமைப்பைச் சேர்த்தது. சுருதி திரும்பியது. ஆனாலும், இரு வீடுகளில் இருப்பவர்கள் சேர்ந்து தாளம் போட முடியவில்லை. ஒலி இணையத்தின் வழி வந்துசேர எடுக்கும் நேரம், விநாடியில் பத்தில் ஒரு பங்காக இருந்தாலே தாளம் கெட்டுவிடும்.

பதிவான ஒலியைத் திரும்பக் கேட்பதிலும் ஓர் எல்லை உண்டு. தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றை அசைக்க வேண்டும். திறன்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியால் அது முடியாது. மிருதங்கக் கச்சேரியைத் திறன்பேசியில் கேட்டுப் பாருங்கள். வலந்தலையின் கணீர் ஓசை கேட்கும். தொப்பியின் கும்காரம் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். நல்ல ஒலிகேட்பியை மாட்டிக்கொண்டால் அது மீண்டும் வந்துவிடும்.

இனி, வீட்டுக்கு வருவோம். தாத்தா பாட்டியைப் பேட்டி கண்டு வரும்படி உங்கள் பள்ளியில் சொல்லியிருப்பார்கள். வழக்கமாக என்ன நடக்கிறது? பாட்டி சோபாவில் அமர்ந்திருப்பார். முழு உருவமும் தெரிய வேண்டும் என்று நீங்கள் மூன்று மீட்டர் தள்ளி நிற்பீர்கள். மேலே மின்விசிறி சுழலும். சமையலறையில் குக்கர் கூவும். படம் பளிச்சென்று வந்திருக்கும். குரலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். மெய்யெழுத்துகளின் ஓசை மெல்லியது, குறுகியது. இரைச்சலில் முதலில் கரைவது அதுதான். அந்தக் காலத்துத் தேக்காச் சந்தையில் புழங்கிய தமிழ், இடையிடையே வரும் மலாய்ச் சொற்கள், பாட்டி ‘ழ’வை உச்சரிக்கும் விதம் ஆகியவற்றை நாளை எந்தச் செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும்? நிலாவைப் போல் பாட்டியின் பேச்சுக்கு வேறு பிரதி கிடையாது.

நம் நாட்டில் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்யும் பணி 1979ஆம் ஆண்டில் தொடங்கியது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் இன்றும் அதைச் செய்கிறது. தொடக்கக் காலப் பேட்டிகள் ஒலிநாடாவில் பதிவானவை, முகம் தெரியாது. ஆனால், பேசுபவர் தயங்குவதும் பெருமூச்சு விடுவதும்கூடக் கேட்கும். தமிழில் பேசியவர்களின் பேட்டிகளும் அவற்றில் உண்டு. இணையத்தில் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

“விலை உயர்ந்த திறன்பேசி வாங்கினால் இந்தச் சிக்கல் தீராதா?” என்று சிலர் கேட்கலாம். ஓரளவு தீரும். ஆனால், ஒலி தூரத்தில் குறைவது இயற்கையின் விதி. திறந்த வெளியில், தூரத்தைப் பாதியாக்கினால் ஒலியளவு 6 டெசிபல் கூடும். மூன்று மீட்டரிலிருந்து முக்கால் மீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். அறைக்குள் இந்தக் கணக்கு சற்று மாறினாலும், இரைச்சலைவிடக் குரல் மேலோங்குவது உறுதி. இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. சட்டையில் செருகும் சிறிய ஒலிவாங்கி மலிவாகக் கிடைக்கிறது. அது நன்றாக வேலை செய்வதும் வாய்க்கு அருகில் இருப்பதால்தான். பள்ளிப் பணிகளை மதிப்பிடும்போது ஆசிரியர்களாகிய நாமும் படத்துக்குத் தரும் மதிப்பெண்ணைக் குரலின் தெளிவுக்கும் தரலாம் என்பது என் கருத்து.

அடுத்த முறை பேட்டி காணும்போது சன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியைச் சற்று நேரம் நிறுத்துங்கள். திறன்பேசியைத் தாத்தாவுக்கு எதிரே மேசைமேல் ஒரு துணியை மடித்து அதன்மேல் வையுங்கள். மேசையைத் தட்டும் சத்தம் குறையும். ஒரு நிமிடம் பதிவு செய்து, ஒலிகேட்பியில் கேட்டுப் பார்த்த பிறகு தொடங்குங்கள். கேள்விகள் தீர்ந்தவுடன் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். “அவ்வளவுதான்பா” என்று சொல்லி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அவர் ஆரம்பிக்கும் கதையும் பதிவாகட்டும்.