பெட்டியில 200 வாட், வண்டியில 20 வாட்! பழைய மாருதி 800-க்கு ஸ்பீக்கர் வாங்குறீங்களா மக்களே?

வீட்டுல தாத்தாவோ அப்பாவோ வாங்கின மாருதி 800 ஒண்ணு இருக்கா? டேப்ல கேசட் ஒண்ணு சிக்கி அப்படியே கிடக்குதா? கதவுல இருக்குற ஸ்பீக்கர்ல கர்... கர்ருன்னு சத்தம் மட்டும் வருதா? அப்ப இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பழைய 800-ஐத் தட்டி நிமிர்த்தி, பெயின்ட் அடிச்சு, ரீல்ஸ்ல ஓட்டுறது இப்போ இளசுகளுக்குப் பிடிச்ச விஷயம். ஆனா, அந்த ஆசைக்கு செலவு கூடிக்கிட்டே போகுது. 15 வயசைத் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற மத்திய அரசுக் கட்டணம் முன்னாடி 600 ரூபாய். 2022 ஏப்ரல்ல அது 5,000 ஆச்சு. 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புப்படி, 20 வயசைத் தாண்டின காருக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. அதே வருஷம் செப்டம்பர்ல புதுச் சின்ன பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாகக் குறைஞ்சது. புதுசு வாங்குறதுக்குச் சலுகை, பழசை வெச்சுக்குறதுக்குக் கூடுதல் கட்டணம். இதுதான் இன்றைய நிலவரம்.

'எங்க வண்டி கிளாசிக்காச்சே' என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. சட்டப்படி 'வின்டேஜ்' வாகனம் என்றால் 50 வயசு தாண்டியிருக்கணும். முதல் மாருதி 800 சாவி கைமாறியது 1983 டிசம்பர் 14-ல். அதுக்கே 2033-ல்தான் 50 ஆகும். ஆக, மனசுக்கு கிளாசிக், ஆர்.டி.ஓ ஆபீஸுக்கு வெறும் பழைய வண்டி.

இப்படி எஃப்.சி, டிங்கரிங், இன்ஷூரன்ஸ் எல்லாம் போக, ஸ்டீரியோவுக்குன்னு கையில மிஞ்சுறது நாலாயிரமோ ஆறாயிரமோதான். அதைச் சரியா செலவு பண்ணணுமா இல்லையா? அங்கேதான் ஒரு நம்பர் நம்மை ஏமாத்துது. பெட்டி மேல கொட்டை எழுத்துல இருக்கே, அந்த 'வாட்' நம்பர்!

அந்த நம்பர் எங்கிருந்து வருது?

ஸ்கூல் பிசிக்ஸ் கொஞ்சம் ஞாபகம் இருந்தா போதும். இன்ஜின் ஓடும்போது கார் எலெக்ட்ரிக்கல்ல கிடைக்கிறது சுமார் 14.4 வோல்ட். கார் ஸ்பீக்கரோட தடை பெரும்பாலும் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்துப் பாருங்க. கிட்டத்தட்ட 52 வரும். ஸ்டீரியோ முகப்புல '50 வாட் x 4' என்று இருக்கே, அதோட பூர்வீகம் இதுதான். ஆனா, அந்த 50 வாட் வரணும்னா பாட்டோட அலை முழுக்க மழுங்கி, சதுரமா வெட்டுப்பட்டு வரணும். அது பாட்டு இல்லை, இரைச்சல்.

சுத்தமான அலையா வெளிய வரணும்னா, நஷ்டமே இல்லாத கற்பனை ஸ்டீரியோவுலயே 26 வாட் தாண்டாது. நிஜத்துல ஒரு சேனலுக்கு 15-லிருந்து 20 வாட் வந்தா நல்ல ஸ்டீரியோ. இதைத்தான் ஆர்.எம்.எஸ். என்று போடுவாங்க, அதுவும் பெட்டியோட ஓரத்துல, எறும்பு சைஸ் எழுத்துல.

சந்தேகமா இருக்கா? ஸ்டீரியோவோட பின்பக்கம் சொருகியிருக்குற ஃப்யூஸைப் பாருங்க. 10 ஆம்ப் என்றால், உள்ளே போறதே 144 வாட்தான். அதுலயும் பெரிய பங்கு சூடாகிப் போயிடும். 144 உள்ளே போய் 200 வெளிய வருமா? அப்படி வந்தா அது ஸ்டீரியோ இல்லை, அட்சய பாத்திரம்!

அமெரிக்காவுல 2003-லயே இதுக்கு ஒரு தர அளவீடு கொண்டு வந்தாங்க. 14.4 வோல்ட், 4 ஓம், சத்தச் சிதைவு 1 சதவிகிதத்துக்குள்ள இருக்கணும், அந்த நிலையில என்ன வாட் வருதோ அதை மட்டும் போடணும். விரும்பின கம்பெனிகள் பின்பற்றுற அளவீடுதான் அது. அதனால, 'மேக்ஸ்', 'பீக்', 'பி.எம்.பி.ஓ.' என்று எது இருந்தாலும் கண்ணை மூடிக்கங்க. ஆர்.எம்.எஸ். எங்கே இருக்குன்னு மட்டும் தேடுங்க.

அப்போ எதைப் பார்த்து வாங்குறது?

நம்மகிட்ட இருக்குறது 15, 20 வாட். அந்தக் கொஞ்ச வாட்டை அதிக சத்தமா மாத்துற ஸ்பீக்கர்தான் நமக்கு லாபம். அதைச் சொல்ற நம்பருக்குப் பேரு சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்தா, 1 மீட்டர் தூரத்துல எத்தனை டெசிபல் கேக்குது என்ற கணக்கு.

இதுல 3 டெசிபல் கூடினா, ஸ்டீரியோவோட வாட்டை இரண்டு மடங்காக்கினதுக்குச் சமம். 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் கொடுத்து வர்ற சத்தத்தை, 92 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்லயே கொடுத்துடும். ஆம்ப்ளிஃபையர் வாங்க வேண்டிய காசு மிச்சம். பட்ஜெட் ஆளுக்கு இதைவிடப் பெரிய தள்ளுபடி எந்த ஆன்லைன் சேல்லயும் கிடைக்காது.

இங்கேயும் ஒரு சின்ன வேலை நடக்கும், உஷார். சில பெட்டிகள்ல '1 வாட்' என்று இல்லாம '2.83 வோல்ட்' என்று போட்டிருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தா அது 2 வாட். அதனால நம்பர் 3 டெசிபல் கூடுதலாத் தெரியும். இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடும்போது, இரண்டும் ஒரே அளவுல எழுதியிருக்கான்னு பாருங்க.

அடுத்தது, '3-வே', '4-வே' மோகம். ஸ்பீக்கர் நடுவுல குட்டிக் குட்டியா நாலு பொட்டு இருந்தா கெத்தா இருக்கும். ஆனா விலை குறைஞ்ச ஸ்பீக்கர்ல கூடுதலா இருக்குற அந்தப் பொட்டுகள் பெரும்பாலும் அலங்காரத்துக்குத்தான். அதே காசுக்கு ஒழுங்கான ஒரு ட்வீட்டரோட வர்ற 2-வே கோஆக்ஸியல் நல்லா பாடும்.

மெட்டீரியலும் முக்கியம். கோன் பாலிப்ரொப்பிலீன், ஓரத்துல ரப்பர் வளையம். இந்த ஜோடி நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்கும். ஃபோம் வளையம் சில வருஷத்துல பொடிப்பொடியா உதிர்ந்துடும். உங்க பழைய ஸ்பீக்கர் கர்ருங்குறதுக்கும் அநேகமா அதுதான் காரணம்.

முதல்ல ஸ்கேல் எடுங்க, அப்புறம் போன் எடுங்க

800 மாதிரி சின்ன வண்டியில எந்த ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர் என்பதைவிட, எது உள்ளே போகும் என்பதுதான் முதல் கேள்வி. மாடலுக்கு மாடல் இடம் மாறும். அதுக்கு மேல, முன்னாடி வெச்சிருந்தவர் எங்கே வெட்டினாரோ அதுதான் ஓட்டை! அதனால ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி கதவு ட்ரிம்மைக் கழட்டிப் பாருங்க. வழக்கமா 4 இன்ச் அல்லது 5.25 இன்ச் அளவுலதான் வேலை முடியும்.

அகலத்தைவிட ஆழம் முக்கியம். ஜன்னல் கண்ணாடியை முழுசாக் கீழே இறக்கிட்டு அளந்து பாருங்க. ஸ்பீக்கரோட பின்பக்கக் காந்தம் கண்ணாடியில இடிச்சா, அடுத்த மழையில கண்ணாடி பாதியில நின்னுடும். பெட்டியில 'மவுன்டிங் டெப்த்' என்று ஒரு அளவு இருக்கும். அதைவிட ஒரு சென்டிமீட்டராவது கூடுதலா இடம் வேணும். அட்டையில வட்டம் வெட்டி வெச்சுப் பார்க்குறது பழைய வித்தை, இன்னிக்கும் அதுதான் பெஸ்ட்.

பின்னாடி பார்சல் ட்ரேயில பெரிய 6x9 ஓவல் ஜோடி. 90-ஸ் கிட்ஸ் கனவு அது. மறுக்கல. ஆனா இரண்டு விஷயம் யோசிங்க. ஒண்ணு, அந்த ட்ரே மெல்லிசான பலகை. பாட்டோட சேர்ந்து அதுவும் ஆடும், பேஸ் குழம்பிப் போகும். இரண்டாவது, சடன் பிரேக் போட்டா, கிலோ கணக்குல கனமான அந்த ஸ்பீக்கருக்கு முன்னாடி இருக்குறது பின்சீட்ல உட்கார்ந்திருக்குற தம்பியோட தலை. போட்டே ஆகணும்னா ட்ரேயை மரப்பலகை கொடுத்து, போல்ட் போட்டு வண்டியோட பாடியில இறுக்கணும். பட்ஜெட் குறைவு என்றால் பின்னாடி வேண்டவே வேண்டாம். ஓட்டுறவங்க காது இருக்குறது முன்னாடிதான்.

6,000 ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

நம்ம யோசனை இது. நாலு சுமாரான ஸ்பீக்கர் வாங்காதீங்க. முன்கதவுக்கு ஒரே ஒரு நல்ல ஜோடி, அதுக்கு 4,000 வரைக்கும். மிச்சம் 2,000-ஐக் கதவுக்கே செலவு பண்ணுங்க. கதவுக்கா? ஆமா!

ஸ்பீக்கர் கோன் முன்னாடி தள்ளும்போது, பின்பக்கம் இழுக்கும். முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்தா பேஸ் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாமப் போயிடும். 800 கதவு மெல்லிசான தகரம், உள்பக்கம் முழுக்க ஓட்டை. அந்த ஓட்டைகளை மூடி, வெளித் தகரத்துல பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டினா, அதே ஸ்பீக்கர் வேற ஸ்பீக்கர் மாதிரி பாடும். கதவு சாத்தும்போது வர்ற டப்பா சத்தமும் குறையும். ஸ்பீக்கருக்கு அடியில 12 எம்.எம். மரைன் ப்ளைவுட்ல வளையம் வெட்டி வைங்க. எம்.டி.எஃப் பலகை வேண்டாம், மழைத்தண்ணி பட்டா ஊதிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: கதவோட அடியில தண்ணி வடியுற ஓட்டைகளை மட்டும் அடைச்சிடாதீங்க. அடைச்சா, பாட்டு கேட்டுக்கிட்டே கதவு துருப்பிடிக்கும்.

வயரிங்ல விளையாடாதீங்க

20 வருஷ வண்டியில வயர் மேல இருக்குற உறை மொறுமொறுன்னு ஆகியிருக்கும். பழைய ரேடியோ சிலதுல ஸ்பீக்கரோட மைனஸ் வயரை வண்டி பாடியிலயே எர்த் பண்ணியிருப்பாங்க. இன்றைய ஸ்டீரியோவை அப்படிக் கொடுத்தா உள்ளே இருக்குற சிப் புகைஞ்சிடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் பிளஸ், மைனஸ் இரண்டு வயரும் ஸ்டீரியோவுலிருந்து புதுசாத் தனித்தனியா வரணும். கதவுக்குள்ள போற இடத்துல ரப்பர் குரோமெட் வேணும். பேட்டரியிலிருந்து நேரா லைன் எடுத்தா, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃப்யூஸ் இருக்கணும். 'ஃப்யூஸ் எல்லாம் எதுக்கு தம்பி' என்று யாராவது சொன்னா, வண்டியை எடுத்துக்கிட்டு அடுத்த கடைக்குப் போங்க. பெட்ரோல் வண்டி இது.

பிளஸ், மைனஸ் மாறிப்போச்சான்னு பார்க்க ஒரு பென்சில் பேட்டரி போதும். ஸ்டீரியோவுல இருந்து கழட்டின ஸ்பீக்கர் வயர்ல ஒரு நொடி தொட்டுப் பாருங்க. பிளஸ்ல பிளஸ் பட்டா கோன் வெளிய வரும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் நகரணும். ஒண்ணு உள்ளே, ஒண்ணு வெளிய போச்சுன்னா பேஸ் செத்துடும். நிறைய பேர் 'ஸ்பீக்கர் சரியில்லை'ன்னு திட்டுறது இந்த ஒரு தப்புக்காகத்தான்.

கடையில என்ன பண்ணணும்?

சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட், ஜி.பி. ரோடுன்னு ஒரு சுத்து சுத்துங்க. உங்க ஊர்லயும் ஒரு தெரு இருக்கும். உங்க போனையே கொண்டு போங்க. நல்லாப் பழகின ஒரு ராஜா பாட்டு, ஒரு ரஹ்மான் பாட்டு, ஒரு புதுப்பாட்டு என மூணு போதும். மியூசிக் ஆப்ல ஆடியோ குவாலிட்டி 'லோ'வுல இருந்தா மாத்திட்டுப் போங்க. பேஸ், ட்ரெபிள் எல்லாத்தையும் நடுவுல வைக்கச் சொல்லுங்க. கடைக்காரர் வால்யூமைத் திருகி மிரட்டினா மயங்க வேண்டாம். பாடுறவங்க குரல் தெளிவாக் கேக்குதா? அதுதான் பரீட்சை. பிராண்ட் பேர் போட்ட டூப்ளிகேட்டும் சந்தையில உண்டு. பில், வாரன்டி கார்டு இல்லாம வாங்காதீங்க.

மாட்டினதுக்கு அப்புறம் காசில்லாம ஒரு வேலை. ஸ்டீரியோ செட்டிங்ல 'ஹை-பாஸ்' என்று இருந்தா 100 ஹெர்ட்ஸ் பக்கம் வைங்க. 4 இன்ச் ஸ்பீக்கரால தூக்க முடியாத கனமான பேஸை அது தடுத்துடும். மிச்சப் பாட்டு தெளிவாகும், ஸ்பீக்கருக்கும் ஆயுசு கூடும். சத்தம் உடையுதுன்னு தோணினா, அங்கிருந்து இரண்டு பாயின்ட் குறைச்சிடுங்க. அதுதான் உங்க வண்டியோட எல்லை.

'தெருவே அதிரணும்'னு ஆசைப்படுறவங்களுக்கு ஒரு தகவல். குடியிருப்புப் பகுதியில பகல்ல 55, ராத்திரியில 45 டெசிபல்தான் சட்டப்படி எல்லை. அதைவிட முக்கியம், பின்னாடி வர்ற ஆம்புலன்ஸ் ஹார்ன் உங்களுக்குக் கேக்கணும்.

796 சிசி, மூணு சிலிண்டர். 80-ல போனா இன்ஜினும் காத்தும் சேர்ந்து பாடுற வண்டி இது. சொகுசு காரோட ஆடிட்டோரியம் எஃபெக்ட் இதுல வராது, வர வேண்டியதும் இல்லை. பெட்டியில இருக்குற பொய் நம்பருக்குக் காசு கொடுக்காம இருந்தா, மிச்சமாகுற பணம் அடுத்த பதிவுக் கட்டணத்துக்கு ஆகும். ஸ்டீரியோவைவிட வண்டி ரோட்டுல இருக்குறதுதானே முக்கியம்?

வேலை முடிஞ்சதும் அப்பாவை முன்சீட்ல உட்கார வெச்சு, அவருக்குப் பிடிச்ச பாட்டைப் போட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. அந்தச் சிக்கின கேசட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. கிளவ் பாக்ஸ்ல இருக்கட்டும்.