சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பழைய போர்ஷே வாங்கலாமா?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் செகண்ட் ஹேண்ட் கார் விளம்பரங்களைப் புரட்டுபவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். புதிதாக வாங்க விலை கேட்டாலே தலை சுற்றும் போர்ஷே, அங்கே பழைய குடும்பக் கார் விலைக்கு நிற்கிறது. 1996-ல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர், பிரிட்டனில் 5,000 பவுண்டு பக்கத்திலேயே கிடைப்பதுண்டு. அதன் அண்ணன், 1997-ல் அறிமுகமான 996 வகை 911, கொஞ்சம் கூடுதல் விலை. ஆனாலும் 911 குடும்பத்தில் கைக்கு எட்டுகிற கார் என்று பலரும் தேடுவது அதைத்தான்.

ஏன் இந்த மலிவு? யாரைக் கேட்டாலும் வருகிற பதில், "ஐஎம்எஸ் பேரிங்". அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த ஒரு பேரிங்கை மட்டும் பார்த்து காரை வாங்குவதும் தப்பு, ஒதுக்குவதும் தப்பு. பர்ஸைக் காலி செய்வது பெரும்பாலும் யாரும் பேசாத மற்ற பழுதுகள்தான்.

ஐஎம்எஸ் பேரிங் என்றால் என்ன?

1990-களின் தொடக்கத்தில் போர்ஷே நிறுவனம் நஷ்டத்தில் தத்தளித்தது. செலவைக் குறைக்க ஜப்பானிய உற்பத்தி நிபுணர்களை அழைத்தார்கள். பாக்ஸ்டரும் புதிய 911-ம் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டன. காற்றால் குளிர்ந்த பழைய இன்ஜின் போய், தண்ணீரால் குளிரும் எம்96 இன்ஜின் வந்தது.

இந்த இன்ஜினில் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியைக் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொண்டுபோக நடுவில் ஒரு தண்டு இருக்கிறது. அதுதான் இன்டர்மீடியட் ஷாஃப்ட், சுருக்கமாக ஐஎம்எஸ். பழைய 911-களில் இந்தத் தண்டு, இன்ஜின் ஆயில் அழுத்தத்தோடு பாயும் சாதாரண பேரிங்கில் சுழன்றது. எம்96-ல் ஒரு முனைக்கு, உள்ளங்கையில் அடங்கும் பால் பேரிங்கை வைத்தார்கள். கிரீஸ் அடைத்து, சீல் போட்ட பேரிங்.

காலப்போக்கில் சீல் தளர்கிறது. கிரீஸ் கரைந்து போகிறது. பேரிங் தேய்ந்து உடைந்தால் தண்டு ஆட்டம் காணும், செயின் தாவும், வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அத்தோடு இன்ஜின் கதை முடிந்தது. புது வாழ்வு கொடுக்க 10,000 பவுண்டுக்கு மேல் ஆகலாம். அதாவது, கார் விலையைப் போல இரண்டு மடங்கு!

2001 முதல் 2005 வரை தயாரான கார்கள் தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கு 2013-ல் சமரசத்தில் முடிந்தது. பரவலாகச் சொல்லப்படும் கணக்குப்படி, அந்த ஆண்டுகளின் ஒற்றை வரிசை பேரிங்கில் பழுதானவை நூற்றுக்குப் பத்தைத் தாண்டவில்லை. அதற்கு முந்தைய இரட்டை வரிசை பேரிங்கில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. அதே காலத்து 911 டர்போ, ஜிடி3 கார்களில் இருப்பது வேறு இன்ஜின். அவற்றுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போதே இந்தப் பேரிங்கையும் மாற்றிவிடலாம். ஆக, இது தெரிந்த ஆபத்து, தீர்வும் இருக்கிறது.

அப்போ பணம் எங்கே போகுது?

முதலில் கூலிங். ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளில், காற்றுத் துவாரங்களுக்குப் பின்னால் இருக்கின்றன. காய்ந்த இலையும் குப்பையும் அங்கே சேர்ந்து ஈரம் பிடித்து, ரேடியேட்டரையும் அதற்கு முன்னால் உள்ள ஏசி கண்டென்சரையும் அரித்துவிடும். கூலன்ட் டேங்க் பிளாஸ்டிக். வயதானால் விரிசல் விடும். வாட்டர் பம்பின் இறக்கையும் பிளாஸ்டிக்தான். உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் சுற்றும்.

அடுத்து, ஆயிலையும் காற்றையும் பிரிக்கும் செப்பரேட்டர். அது கிழிந்தால் சைலன்சரில் வெள்ளைப் புகை மண்டும். கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் கசியும். இக்னிஷன் காயில் வெடிப்பு விடும். சஸ்பென்ஷன் ரப்பர்கள் தளர்ந்து கடகடவென்று சத்தம் போடும்.

பாக்ஸ்டரில் இன்னொரு வேடிக்கை. துணிக்கூரையில் விழும் மழைநீர் வெளியேறும் குழாய்களை இலைகள் அடைத்துக்கொண்டால், தண்ணீர் காருக்குள் இறங்கும். சீட்டுக்கு அடியில் இருப்பது இம்மொபிலைசர் கம்ப்யூட்டர். அது நனைந்தால் கார் ஸ்டார்ட்டே ஆகாது. குழாயைச் சுத்தம் செய்ய பைசா செலவில்லை. செய்யாமல் விட்டால் பெரிய பில்!

பாகங்களின் விலையை விட லேபர்தான் கடிக்கும். பாக்ஸ்டரில் பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியாது. சீட்டுக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் கிளட்ச், பின் சீல், ஐஎம்எஸ் பேரிங் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கச் சொல்கிறார்கள்.

நிஜமாகவே பயப்பட வேண்டியது எது?

சிலிண்டர் சுவரில் விழும் கீறல். 3.4 லிட்டரை விட, 2002 மாடலில் இருந்து வந்த 3.6 லிட்டர் இன்ஜினில் இது அதிகம் பேசப்படுகிறது. ஒருபக்க சைலன்சர் குழாய் மட்டும் கரி படிந்திருந்தால், குளிர்ந்த இன்ஜினில் டக் டக் சத்தம் வந்தால், ஆயில் வேகமாகக் குறைந்தால் உஷார். சின்ன கேமராவை சிலிண்டருக்குள் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். பேரிங்கை மாற்றலாம், ஆனால் இதற்கு இன்ஜினையே பிரிக்க வேண்டும். வாங்கும் முன் இந்தச் சோதனைக்குப் பணம் கொடுக்க யோசிப்பவர், அந்தக் காரை வாங்கவே யோசிக்க வேண்டும்.

கிலோமீட்டர் குறைவு என்றால் நல்ல காரா?

நம் எல்லோருக்கும் இருக்கும் நம்பிக்கை இது. இந்தக் கார்களில் அது செல்லாது. ஷெட்டில் மூடிவைத்த காரில் சீல்கள் காய்ந்து போகும், பழைய ஆயிலில் ஈரமும் அமிலமும் சேரும். வாரம் தவறாமல் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றப்பட்ட கார் அதை விடப் பாதுகாப்பு என்பது பல மெக்கானிக்குகளின் கருத்து. எனவே மீட்டரைப் பார்ப்பதற்கு முன் பில்களைப் பாருங்கள்.

இங்கே கம்பெனியையும் கேள்வி கேட்க வேண்டும். சீல் போட்ட பேரிங், நீண்ட இடைவெளி ஆயில் சர்வீஸ்... இதெல்லாம் முதல் உரிமையாளரின் செலவைக் குறைத்துக் காட்டிய ஏற்பாடுகள். ஷோரூமில் அது விற்பனைக்கு உதவியது. அந்த மிச்சத்துக்கு வட்டியோடு பில் கட்டுவது மூன்றாவது, நான்காவது உரிமையாளர். கம்பெனி விட்ட இடத்தைச் சரிசெய்து இந்தக் கார்களை ஓடவைப்பது தனியார் மெக்கானிக்குகளும், மாற்று பேரிங் செய்கிற சிறு நிறுவனங்களும்தான்.

சரி, வாங்கலாமா?

வாங்கலாம், ஒரு கணக்கோடு. கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கை முதல் வருட ரிப்பேருக்கு ஒதுக்கி வையுங்கள். ஒதுக்க முடியவில்லை என்றால், இன்னும் மலிவான போர்ஷேயைத் தேடக் கூடாது. போர்ஷே ஆசையையே கொஞ்ச நாள் தள்ளிவைக்க வேண்டும். விலை ஐந்தாயிரத்துக்கு இறங்கிவிட்டது. ரிப்பேர் பில் மட்டும் இன்னும் போர்ஷே பில்தான்.